முதல் முறையாக நாய்க்குட்டி வளர்க்கிறீர்களா? எதை முதலில், எதை அப்புறம்

தெருவில் அனாதையாகக் கிடக்கும் குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்திருந்து, தேறியதும் நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கொடுத்த மறுநாளிலிருந்து ஃபோன் வரத் தொடங்கும். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. எதை எப்போது செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியை வரிசைப்படியே படியுங்கள். கோலாலம்பூர், பினாங்கு வீடுகளையும் வெயிலையும் மனத்தில் வைத்து எழுதியது.

1. குட்டிக்கு முன்னால் அனுமதி

கொண்டோவிலோ ஃபிளாட்டிலோ இருந்தால் முதல் வேலை நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது. பக்கத்து மாடியில் ஒருவர் வளர்க்கிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. அடுக்குமாடி வீடுகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று நாளில் அதை அப்புறப்படுத்த வேண்டும். பழகிய குட்டியை மூன்று நாளில் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமான் வீட்டில் (குடியிருப்புப் பகுதியிலுள்ள தரை வீட்டில்) இருப்பவர்கள் உங்கள் மாநகர் மன்றத்தில் உரிமம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம் அது. கோலாலம்பூருக்கு ஒரு மன்றம், பெட்டாலிங் ஜெயாவுக்கு வேறு, பினாங்குத் தீவுக்கு ஒன்று, செபராங் பிறைக்கு இன்னொன்று. வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் வைக்கலாம் என்பதும் மாறும். சில மன்றங்கள் அண்டை வீட்டாரின் சம்மதத்தையும் கேட்கும். உரிமம் இல்லாத நாய் வெளியே ஓடிப் பிடிபட்டால், அது உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

அப்படியே பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முஸ்லிம் குடும்பமாக இருந்தால், குட்டி அவர்கள் வாசலுக்கு வராமலும் செருப்பை நக்காமலும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், அதன்படி நடந்துகொள்ளுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். முன்கூட்டியே பேசிய வீட்டிலிருந்து புகார் வருவது குறைவு.

2. எட்டு வாரத்துக்கு முன் வாங்காதீர்கள்

ஆறு வாரக் குட்டி இன்னும் கையடக்கமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடம் உங்கள் விரலில் நடக்கும்.

கொடுப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: தாயைப் பார்க்க முடியுமா, இப்போது என்ன சாப்பிடுகிறது, ஊசி அட்டை எங்கே. அட்டையில் தடுப்பு மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் வெட் (கால்நடை மருத்துவர்) கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று வாயால் சொன்னால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் எல்லா ஊசியும் முடிந்திருக்க வழியே இல்லை.

அங்கேயே குட்டியின் மேலுதட்டை மெதுவாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். அதற்காக வேண்டாமென்று விட்டுவரச் சொல்லவில்லை. நேரே கிளினிக்குக்குப் போங்கள், வீட்டுக்கு அப்புறம் வரலாம்.

காசு கொடுத்து இன நாய் வாங்குமுன் ஒரு யோசனை. ஹஸ்கி குளிர் தேசத்துக்காரன். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு நம் வெயிலில் மூச்சு வாங்கும். நம் ஊர்க் கலப்பின நாயான கம்பத்து நாய்க்கு இந்த வெயில் பிறந்த வீடு. அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற காப்பகங்களில் குட்டிகள் காத்துக் கிடக்கின்றன.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

கூண்டு அல்லது தடுப்பு வேலி, இரண்டு கிண்ணம், இப்போது சாப்பிடும் அதே தீவனம், பழைய துண்டுகள், சிறுநீர் விரிப்பு அல்லது பழைய நியூஸ் பேப்பர், சிறுநீர் வாடையைப் போக்கும் நொதி (என்சைம்) திரவம், கடிக்க இரண்டு மூன்று ரப்பர் பொம்மை. அவ்வளவுதான்.

கூண்டின் அளவில் கவனம் வேண்டும். குட்டி எழுந்து நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க இடம் போதும். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால், ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் சிறுநீர் கழிக்கும். படுக்குமிடத்தை அசுத்தம் செய்யாத அதன் இயல்பை நம்பித்தான் கூண்டே வைக்கிறோம். பெரிய கூண்டுதான் வேண்டுமென்றால் நடுவில் தடுப்புப் போடுங்கள்.

சட்டை, வாசனைப் பவுடர், விலை உயர்ந்த மெத்தை எல்லாம் இப்போது வேண்டாம். மெத்தையை எப்படியும் கிழிக்கும்.

அதே நாளில் தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் மட்டத்தில் வீட்டைப் பாருங்கள். டிவி பின்னால் தொங்கும் வயர், கொசுவர்த்திச் சுருள், எலி மருந்து, கேட்டுக்குக் கீழே உள்ள இடைவெளி, கார் போர்ச் ஓரத்து லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கேட் இடைவெளிக்குக் கம்பி வலை கட்டிவிடுங்கள். கட்டாத வீட்டுக் குட்டி லோங்காங்கில் விழுவது நடந்துகொண்டே இருக்கிறது.

4. முதல் நாள்: கழிப்பிடம், தண்ணீர், தூக்கம்

வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ காலையில் கொண்டுவாருங்கள். இரண்டு நாளாவது யாராவது கூட இருக்க வேண்டும். பகல் முழுக்க இடம் பழகினால் இரவு கொஞ்சம் எளிது.

வீட்டுக்குள் நுழையுமுன் நேரே கழிப்பிடமாக நீங்கள் முடிவு செய்த இடத்தில் இறக்கி விடுங்கள். பயணத்தில் அடக்கி வைத்திருக்கும். பெரும்பாலும் உடனே போகும். முதல் முறையே சரியான இடத்தில் போனால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, ஒரே அறை. முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். பழகாத குட்டிக்கு வீடு முழுவதும் கழிப்பிடம்தான்.

குளிப்பாட்ட வேண்டாம். இதைச் சொன்னால் அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள், “நாத்தம் அடிக்குதே” என்பார்கள். ஆனால் இடம் மாறிய பதற்றத்தில் இருக்கும் சின்ன உடம்புக்குக் குளிர் ஏறினால் சமாளிப்பது கடினம். ஈரத்துணியால் துடையுங்கள். வெட் பார்த்துச் சரி சொன்ன பிறகு நடுப்பகலில், வெதுவெதுப்பான தண்ணீரில், நாய்க்கான ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி நன்றாகத் துவட்டுங்கள். டெட்டால் கலந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

சொந்தக்காரர்களையும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் மாலையில் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கும்.

5. முதல் இரவு

அழும். கூண்டைச் சமையலறையில் வைத்து விளக்கை அணைத்தால் விடிய விடிய அழும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் மூச்சுச் சத்தமும் வாசனையும் கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் அடங்கிவிடும். பிறகு சில இரவுகளில் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தலாம்.

நடு இரவில் எழுந்து முனகினால் சிறுநீருக்காக இருக்கலாம். தூக்கிக்கொண்டு போங்கள், விளக்கு வேண்டாம், பேச்சு வேண்டாம், முடிந்ததும் திரும்பக் கூண்டு. அந்த நேரத்தில் கொஞ்சினால் மறுநாள் அதே நேரத்துக்கு விளையாட எழுப்பும்.

6. வெட்: முதல் மூன்று நாளுக்குள்

குட்டிக்கு நோய் வந்த பிறகு கிளினிக் தேடாதீர்கள். முதல் வருகையிலேயே எடை, மலப் பரிசோதனை, ஊசி அட்டவணை எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். போகும்போது காலையில் போன மலத்தில் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். காத்திருக்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாமல் மடியில் வைத்திருங்கள், ஏனென்றால் நோயாளி நாய்கள் வரும் இடம் அது.

முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். அப்புறம் இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில், 16 வார வயது ஆகும் வரை. ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், காசு பிடுங்கவா என்று கேட்பவர்கள் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசியின் வேலையைக் கெடுக்கும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் தொடர்ந்து போட்டு வருகிறார்கள். கடைசி ஊசியைத் தவறவிட்டால் முன்பு போட்டவையும் வீணாகப் போகலாம். ஒரு வருடம் கழித்து மறு ஊசி உண்டு.

இந்த ஊசிகள் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களையும் தடுக்கின்றன. இரண்டுமே குட்டிகளைக் கொல்லும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் செருப்பில் ஒட்டியும் வீட்டுக்குள் வரும். முன்பு பார்வோவில் ஒரு நாய் இறந்த வீடென்றால் வெட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தரையை ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (ப்ளீச்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, பத்து நிமிடம் ஊற விட்டு அலசுங்கள். சாதாரணத் தரைத் திரவம் இந்தக் கிருமியை அசைக்காது.

எலிக் காய்ச்சலுக்கான ஊசியையும் கேளுங்கள். பின் சந்தில் எலி ஓடாத தாமான் எது? எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீரில் இருந்து நாய்க்கும், நாயிடமிருந்து நமக்கும் அது தொற்றும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாத வயதில் போடுவது. இங்கே அந்த நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது தலைகாட்டியது.

குடற்புழு மருந்து எட்டு வாரத்தில் தொடங்கினால் தாமதம்தான். புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். இரண்டு வார வயதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதில் நாள் தள்ளாதீர்கள்.

கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும் மாதாந்தர மருந்து உண்டு. நம் ஊரில் கொசு இல்லாத மாதம் கிடையாது, அதனால் வருடம் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

உண்ணி தனித் தலைவலி. நாயின் மேல் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சம் சுவர் விரிசலிலும் கூண்டு மூலையிலும் இருக்கும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, பெரிய நாய்க்கான மருந்தைப் பாதி ஊற்றுவது இரண்டும் குட்டியை நஞ்சேற்றும். வயதையும் எடையையும் சொல்லி வெட்டிடமே வாங்குங்கள்.

7. சாப்பாடு

முதல் வாரம் பழைய சாப்பாடே தொடரட்டும். மாற்ற வேண்டுமானால் கால் பங்கு, பாதி, முக்கால் என்று ஏழு நாளில் மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிறு போகும். அது சாப்பாட்டாலா பார்வோவாலா என்று தெரியாமல் நீங்கள் பதறுவீர்கள்.

நான்கு மாதம் வரை ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. நேரம் தவறாமல் கொடுத்தால் மலம் போகும் நேரமும் ஒழுங்காகும். பதினைந்து இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். இரவில் சிறுநீர் போகிறதென்று தண்ணீரை நிறுத்துவது இந்த வெக்கையில் ஆபத்து.

கோழியும் சோறும் மட்டும் போட்டு வளர்க்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. வயிறு சரியில்லாத இரண்டு நாளுக்கு அது நல்லது. மாதக்கணக்கில் அதுவே என்றால் கால்சியம் போதாமல் எலும்பு வளைந்து போகும். அதற்காக நீங்களாகக் கால்சியம் மாத்திரை கொடுப்பதும் தவறு, பெரிய இனக் குட்டிகளுக்கு அது வேறு விதமாகக் கெடுக்கும். “குட்டிகளுக்கு” என்று எழுதியிருக்கும் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கொடுப்பதே பத்திரம்.

வீட்டுச் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இல்லாத கறி எது? இரண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். மைலோ கொடுப்பதையும் நிறைய வீட்டில் பார்க்கிறேன். அதில் கொக்கோ இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, வேண்டாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், வெந்த கோழி எலும்பு எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பசும்பாலும் டின் பாலும் பெரும்பாலான குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு. பனடோல் (பாராசிட்டமால்) ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது.

புரட்டாசி விரதம் உங்களுக்குத்தான். குட்டியின் தட்டில் கை வைக்காதீர்கள்.

8. கழிப்பிடப் பழக்கம்

எனக்கு வரும் ஃபோன்களில் பெரும்பங்கு இதைப் பற்றியே. முறை எளிது, பொறுமைதான் கஷ்டம்.

இடம் ஒன்றே ஒன்று. தாமான் வீட்டில் போர்ச்சின் ஒரு மூலை, வடிகால் பக்கம். கொண்டோவில் பால்கனியிலோ குளியலறை வாசலிலோ ஒரு தட்டில் விரிப்பு. காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம் என்றால் குட்டிக்குப் புரியாது.

நேரத்தை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுச் சில நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போங்கள். விழித்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை. எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அதிகபட்சமாக அடக்கக்கூடிய மணி நேரம்: இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, அதுவும் தூக்கத்தில்.

அடையாளங்களைப் படியுங்கள். விளையாடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று பொம்மையை விட்டுவிடும். மூக்கு தரையோடு ஒட்டும். சின்ன வட்டமாகச் சுற்றும், பின்னங்கால் லேசாக மடங்கும். மடங்குவதற்கு முன் தூக்கிவிட்டால் வென்றீர்கள்.

சரியான இடத்தில் போனால், முடித்த இரண்டு விநாடிக்குள் அங்கேயே ஒரு துண்டுத் தீனி. வீட்டுக்குள் வந்து சமையலறையில் எடுத்துக் கொடுத்தால், வீட்டுக்குள் ஓடி வந்ததற்குப் பரிசு என்று அது நினைக்கும். தீனியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே போங்கள்.

தவறான இடத்தில் போய்விட்டால் துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது, செருப்பால் அடிப்பது இரண்டுமே ஒன்றைத்தான் கற்றுத்தரும்: உங்கள் கண்முன்னால் போகக் கூடாது. அப்புறம் சோபா பின்னால்தான் போகும், போர்ச்சில் எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் முன்னால் போகாது.

நொதி திரவம் கொண்டு துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் குட்டியின் மூக்குக்குச் சிறுநீர் வாடையாகவே தெரியும். கால்மிதி, பாய், துணி விரிப்பு எல்லாவற்றையும் சில வாரத்துக்கு மேலே எடுத்து வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் எதன் மேலும் போகத்தான் அதற்குப் பிடிக்கும். சாமி மேடைக்கு முன் விரித்த பாய் முதலில் பலியாவது இதனால்தான். அந்த அறைக்குத் தடுப்புப் போட்டுவிட்டால் வீட்டில் பாட்டியோடு சண்டை மிச்சம்.

நாலைந்து மாதத்தில் பெரும்பாலும் பிடிபடும், சிலதுக்கு ஆறேழு மாதம். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், வெட்டிடம் காட்டுங்கள்.

9. கடிப்பது

பல் விழுந்து முளைக்கும் வரை, அதாவது ஆறு ஏழு மாதம் வரை கடிக்கும். கையால் விளையாடாதீர்கள், கை எப்போதும் சாப்பாடும் தடவலும் கொடுப்பதாக இருக்கட்டும். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள், அரை நிமிடம் கழித்துப் பொம்மையோடு திரும்புங்கள். கத்துவதும் வாயைப் பிடித்து அமுக்குவதும் அதற்கு இன்னொரு விளையாட்டு. குழந்தைகளிடம் ஓட வேண்டாம், மரம் மாதிரி நில் என்று சொல்லிக் கொடுங்கள்.

10. வெளி உலகம்: கால் படாமல், காது பழக

இங்கேதான் வரிசை சிக்கலாகிறது. ஊசி முடியாமல் தெரு மண்ணில் விடக் கூடாது. ஆனால் பயமில்லாமல் உலகத்தை ஏற்கும் வயது மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான். ஊசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்தால், ஹெல்மெட் போட்டவரைப் பார்த்தாலே குரைக்கும் நாய்தான் மிஞ்சும்.

வழி: தூக்கிக்கொண்டு போங்கள். கேட் வாசலில் மடியில் வைத்து உட்காருங்கள். மோட்டார் சைக்கிள், குடை, தொப்பி, பள்ளிப் பிள்ளைகள், “சூராட் காபார் லாமா” (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் லாரி, பாங்கு ஓசை, கோயில் தவில் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் தீனி. ஊசி போட்ட, குணமான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.

பட்டாசுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஃபோனில் வெடிச் சத்தத்தை மிக மெல்லியதாக, சாப்பிடும்போது ஓட விடுங்கள். காதைப் பின்னால் மடக்காமல் சாப்பிட்டால் அடுத்த நாள் ஒரு புள்ளி கூட்டலாம். பினாங்கில் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஒட்டிய இரவில் ஹொக்கியன் குடும்பங்கள் ஜேட் பேரரசரை வணங்கி வெடிக்கும் வெடி தீபாவளியைத் தோற்கடிக்கும். அன்றிரவு போர்ச்சில் கட்டி வைக்காமல் உள்ளறையில், விசிறியையும் டிவியையும் ஓட விட்டு வையுங்கள். பயந்த நாய் கேட்டைத் தாண்டி ஓடித் தொலைவது அந்த இரவுகளில்தான்.

கழுத்துப் பட்டையை வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். நடைக்குப் போகத் தொடங்கினால் காலை எட்டு மணிக்கு முன், மாலை ஏழுக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

11. தனியாக விடுவது

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் முதல் திங்கட்கிழமைதான் சோதனை. சனிக்கிழமையே தொடங்குங்கள்: ஒரு நிமிடம் வெளியே போய் வாருங்கள், பிறகு ஐந்து, பிறகு இருபது. போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

பத்து மணி நேரம் கூண்டில் அடைக்க முடியாது. வேலியிட்ட இடத்தில் ஒரு பக்கம் படுக்கை, மறு பக்கம் விரிப்பு, தண்ணீர். மதியம் ஒருவர் வந்து சாப்பாடு போட வழி செய்யுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் குட்டி வேண்டாம், வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். வெயில் நேரே விழும் போர்ச்சில் சங்கிலியில் கட்டிப் போவது 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் உங்களைச் சிக்கலில் மாட்டலாம்.

12. இரவென்றும் பாராமல் ஓட வேண்டியவை

வாந்தியோடு சோர்வு, ரத்தம் கலந்த நாற்றமான வயிற்றுப்போக்கு: பார்வோவாக இருக்கலாம், விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஈறு வெளுப்பது, மூச்சுத் திணறல், வலிப்பு, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது எல்லாம் அதே கணக்கு.

சின்ன இனக் குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் தள்ளாடினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டே கிளம்புங்கள்.

மழை பெய்த இரவில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழ் நோக்கிப் பிடித்து ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள். குழாயை வாய்க்குள் நேரே விடாதீர்கள், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

வெயிலில் மயங்கினால் நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறியைப் போட்டு, குளிர்ந்துகொண்டிருக்கும்போதே வண்டியில் ஏற்றுங்கள்.

இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று குட்டி வந்த வாரமே விசாரித்து, எண்ணை ஃபோனிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் எழுதி வையுங்கள். கிளம்புமுன் ஒரு அழைப்புப் போட்டு, குட்டியின் வயது, எடை, எத்தனை ஊசி முடிந்தது, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் தயாராக இருப்பார்கள். ஊசி அட்டையை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.